சிங்கப்பூரில் முதல் நாள்: குடும்பத்தோடு முதன்முறை போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

முதல் வெளிநாட்டுப் பயணத்துக்குச் சிங்கப்பூரைத் தேர்ந்தெடுக்கும் தமிழ்நாட்டுக் குடும்பங்கள் ஏராளம். சென்னை, திருச்சி, கோவையிலிருந்து நேரடி விமானம் இருக்கிறது. நான்கு மணி நேரம் சொச்சத்தில் போய்ச் சேர்ந்துவிடலாம். அங்கே தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்று, சைவச் சாப்பாட்டுக்கும் பஞ்சமில்லை. அப்படியிருந்தும், போய் வந்தவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் முதல் நாள் பற்றித்தான் முறையிடுகிறார்கள். குழந்தை அழுது தீர்த்தது, தாத்தாவுக்குக் கால் வீங்கியது, கணவனும் மனைவியும் டாக்சி வரிசையிலேயே முறைத்துக்கொண்டார்கள். கொஞ்சம் முன்யோசனை இருந்தால் இவை எல்லாமே தவிர்க்கக் கூடியவை. அதற்காகவே இதை விரிவாக எழுதுகிறேன்.

முதலில் கடிகாரத்தைப் பாருங்கள்

சிங்கப்பூர் நேரம் நம் நேரத்தைவிட இரண்டரை மணி முந்தியது. இங்கிருந்து போகும் விமானங்களில் பல, நள்ளிரவை ஒட்டிப் புறப்பட்டு அங்கே காலை ஆறு, ஏழு மணிக்கு இறங்குகின்றன. சாங்கி விமான நிலையத்துக் கடிகாரம் ஏழு காட்டும்போது உங்கள் பிள்ளையின் உடம்புக்கு அது அதிகாலை நாலரை. ஓட்டல்களோ பெரும்பாலும் பிற்பகல் இரண்டு அல்லது மூன்று மணிக்குத்தான் அறையைத் தரும். அரைத் தூக்கத்தில் இருக்கும் நான்கைந்து பேர், பெட்டிகளோடு, ஏழெட்டு மணி நேரத்தை எங்கே எப்படிக் கழிப்பது? முதல் நாளின் சிக்கல் முழுவதும் இந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

பயண முகவர்கள் தரும் நிரலில் முதல் நாள் இரவே ‘நைட் சஃபாரி’ இருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். அது தீவின் வடக்கே மண்டாயில் இருக்கிறது. மாலை ஏழு மணிக்கு மேல்தான் திறக்கிறார்கள். முந்தின இரவு விமானத்தில் கண் அயராத பிள்ளை, அங்கே டிராம் வண்டியில் ஏறியதும் மடியில் சாய்ந்து தூங்கிவிடும். டிக்கெட்டுக்குக் கொடுத்த பணம் தூக்கத்துக்குத்தான் போகும். நைட் சஃபாரி அருமையான இடம், பிள்ளைகள் விழித்திருந்து பார்க்க வேண்டியது. அதை இரண்டாம் நாளுக்கோ மூன்றாம் நாளுக்கோ மாற்றித் தரச் சொல்லுங்கள். ‘எல்லோரும் இப்படித்தான் போகிறார்கள்’ என்று முகவர் சொன்னாலும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

முதல் நாளுக்கு என் யோசனை இதுதான்: பணம் கட்டி முன்பதிவு செய்த எதையும் அன்று வைக்காதீர்கள். ஒரு நல்ல சாப்பாடு, இரண்டு மணி நேரத் தூக்கம், மாலையில் ஒரே ஒரு வெளி நடை போதும். அந்த நடையும் இலவசமானதாக இருக்கட்டும். யாருக்காவது முடியவில்லை என்றால் நஷ்டமில்லாமல் கைவிடலாம்.

கைக்குழந்தை இருந்தாலோ எழுபதைத் தாண்டியவர்கள் உடன் வந்தாலோ, முந்தின இரவுக்கும் சேர்த்து அறை எடுத்துவிடுங்கள். காலையில் போனதும் படுக்கலாம். ஒரு நாள் வாடகை கூடுதலாகும்தான். பயணச் செலவில் வேறு எதைக் குறைத்தாவது இதைச் செய்யலாம் என்பது என் கருத்து. அறை எடுக்கும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். சிங்கப்பூரின் மலிவு ஓட்டல்களில் ஜன்னலே இல்லாத அறைகள் உண்டு, விலை குறைவாகத் தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம். பிள்ளைகளோடு போகிறவர்கள் ஜன்னல் இருக்கிறதா, எத்தனை பேருக்குக் கட்டில் என்று பார்த்தபிறகே பணம் கட்டுங்கள்.

கிளம்புவதற்கு முன்

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு விசா தேவை. கைக்குழந்தைக்கும் தனிப் பாஸ்போர்ட், தனி விசா. பாஸ்போர்ட் குறைந்தது ஆறு மாதங்கள் செல்லுபடியாக வேண்டும். விசா அங்கீகரிக்கப்பட்ட முகவர் வழியாக மின்விசாவாக வரும். அதை அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

விசா கிடைத்துவிட்டதென்று பலர் அடுத்த வேலையை மறந்துவிடுகிறார்கள். சிங்கப்பூரில் இறங்கும் ஒவ்வொருவருக்கும் ‘எஸ்ஜி அரைவல் கார்டு’ என்ற வருகைப் படிவத்தை இணையத்தில் நிரப்ப வேண்டும். இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாட்களுக்குள்தான் நிரப்ப முடியும். ஒரு வாரம் முன்னதாகவே முடித்துவிட நினைத்தால் ஏற்காது. குடும்பத்தினர் அனைவருக்கும் ஒரே தடவையில் சேர்த்து நிரப்பும் வசதி உண்டு. மிக முக்கியமாக, இது இலவசம். சிங்கப்பூரின் குடிநுழைவு (இமிக்ரேஷன்), சோதனைச்சாவடி ஆணையத்தின் இணையதளத்திலோ செயலியிலோ மட்டும் நிரப்புங்கள். தேடினால் அதே போலத் தோற்றம் காட்டும் தனியார் தளங்கள் முன்னால் வந்து நின்று கட்டணம் கேட்கும். பணம் கேட்டாலே அது வேறு தளம் என்று மூடிவிடுங்கள்.

வங்கி அட்டையிலும் ஒரு வேலை இருக்கிறது. ரிசர்வ் வங்கியின் 2020-ஆம் ஆண்டு விதிப்படி, நம் அட்டைகளில் வெளிநாட்டுப் பயன்பாடும், தொட்டுக் கட்டும் வசதியும் நாமாகக் கேட்டு இயக்கினால்தான் வேலை செய்யும். வங்கிச் செயலியில் இரண்டையும் திறந்து, நாள் உச்சவரம்பையும் வைத்துவிடுங்கள். இதைச் சாங்கியில் நின்றுகொண்டு செய்யப் போனால் ஓடிபி வர வேண்டும், அதற்கு இந்திய எண் இயங்க வேண்டும் என்று ஒன்றைத் தொட்டு ஒன்று இழுக்கும். இந்திய சிம்மைக் கழற்றிப் பெட்டிக்குள் போடாதீர்கள். ரோமிங்கில் குறுஞ்செய்தி வருமளவுக்காவது அது உயிரோடு இருக்கட்டும்.

பெட்டியில் போடக் கூடாதவை

இந்தப் பகுதியை வீட்டில் பெரியவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். ஏனென்றால் சிக்கல் பெரும்பாலும் அன்பாகக் கட்டிக் கொடுக்கும் பொட்டலங்களில்தான் வருகிறது.

கசகசாவுக்குச் சிங்கப்பூரில் அனுமதி இல்லை. அது அபினிச் செடியின் விதை என்பதால் போதைப்பொருள் ஒழிப்புப் பிரிவின் கட்டுப்பாட்டில் வருகிறது. நம் சமையலறையில் குருமாவுக்கு அரைக்கிற அதே கசகசாதான். தனியாக மட்டுமில்லை, வீட்டில் திரித்த மசாலாப் பொடியில் கலந்திருந்தாலும் அந்தப் பொடியை வைத்துவிட்டுப் போங்கள்.

வெற்றிலை போடும் தாத்தா பாட்டி இருந்தால் அவர்களுடைய பையைக் கேட்டுப் பாருங்கள். மெல்லும் புகையிலைக்கு அங்கே தடை. குட்கா, ஜர்தா எல்லாம் அதில் அடங்கும். மின்சிகரெட்டும் தடை செய்யப்பட்டது. சாதாரண சிகரெட்டுக்கு வரிவிலக்கு கிடையாது, ஒரே ஒரு பாக்கெட் என்றாலும் சொல்லி வரி கட்ட வேண்டும். சூயிங்கம்மையும் எடுத்துப் போகக் கூடாது. பிள்ளைகளின் புத்தகப்பையில் ஒரு பட்டை கிடக்கும், பார்த்து எடுத்துவிடுங்கள். இறைச்சி, முட்டைப் பொருள்களை அங்கீகரித்த நாடுகளிலிருந்து மட்டுமே கொண்டுவர விடுகிறார்கள். ஆகவே கோழி ஊறுகாய், மட்டன் தொக்கு வேண்டாம். எலுமிச்சை ஊறுகாய், பருப்புப் பொடி, முறுக்கு, புளியோதரை மிக்ஸ் போன்றவற்றால் தொல்லை இல்லை.

வழக்கமாகச் சாப்பிடும் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை மருத்துவர் சீட்டுடன், அட்டையைப் பிரிக்காமல் எடுத்துச் செல்லுங்கள். தூக்க மாத்திரைகளுக்கும் கோடீன் கலந்த இருமல் மருந்துகளுக்கும் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டியிருக்கும். அவசியமில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

கைப்பை

சரக்குப் பெட்டி ஓட்டலில் கிடக்கும்போது நீங்கள் வெளியே சுற்றப் போகிறீர்கள். அதனால் கைப்பையை ‘மாலை மூன்று மணி வரை இது போதுமா?’ என்ற கேள்வியோடு அடுக்குங்கள். ஆளுக்கு ஒரு மாற்றுடை, பிள்ளைகளுக்கு இரண்டு. பல் துலக்கும் பொருள்கள், ஒரு துண்டு, அன்றைய மாத்திரைகள், காலித் தண்ணீர்ப் புட்டிகள், மடக்குக் குடை. திரவம் எதுவானாலும் நூறு மில்லிக்குள். பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும், சரக்குப் பெட்டியில் வைக்க விடமாட்டார்கள். மெல்லிய ஸ்வெட்டர் ஒன்று மிக அவசியம். ஊர் வெக்கையாக இருக்கும், ஆனால் விமானமும் ரயிலும் பேரங்காடியும் நடுங்க வைக்கும்.

விமானத்தில் ஏறியதும் கடிகாரத்தைச் சிங்கப்பூர் நேரத்துக்கு மாற்றிவிட்டுப் பிள்ளைகளைத் தூங்க வையுங்கள். திரையில் படம் பார்க்க விட்டால் நாள் முழுவதும் அனுபவிப்பீர்கள். இறங்கும்போது காது அடைக்கும். குழந்தைக்குப் பால், பெரிய பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தால் விழுங்க விழுங்கச் சரியாகும்.

இறங்கியதும்

அவசரப்பட்டுக் குடிநுழைவு வரிசைக்கு ஓடாதீர்கள். முதலில் கழிப்பறை. எல்லோரும் முகம் கழுவி, பல் துலக்கி, குடிநீர்க் குழாயில் புட்டிகளை நிரப்பிக்கொள்ளுங்கள். சிங்கப்பூரில் குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம், காசு கொடுத்துப் புட்டித் தண்ணீர் வாங்கத் தேவையில்லை. இந்தப் பத்து நிமிடத்தில் குடும்பமே வேறு முகத்தோடு வரும்.

குடிநுழைவில் இப்போது தானியங்கிக் கதவுகள் நிறைய உண்டு. பாஸ்போர்ட்டை வைத்து, கருவிழியையும் முகத்தையும் காட்டினால் திறக்கும். சிறு குழந்தைகளோடு வருகிறவர்கள் அதிகாரி அமர்ந்திருக்கும் கவுண்டருக்குக் குடும்பமாகப் போவதே நல்லது. ஊழியரிடம் கேட்டால் வழி காட்டுவார். கேள்விகள் எளியவை: எத்தனை நாள், எங்கே தங்குகிறீர்கள், திரும்பும் டிக்கெட் எங்கே. ஓட்டல் முன்பதிவும் திரும்பும் டிக்கெட்டும் தாளில் கையில் இருந்தால், கைபேசியைத் தடவிக்கொண்டு நிற்க வேண்டாம். ஒருவர் மட்டும் பதில் சொல்லுங்கள். விசா கையில் இருந்தாலும் உள்ளே விடுவது அதிகாரியின் முடிவுதான். ஆகவே நிதானமாக, உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். தனியறைக்கு அழைத்து இன்னும் சில கேள்விகள் கேட்டாலும் பதற வேண்டாம், காகிதங்கள் சரியாக இருந்தால் விட்டுவிடுவார்கள்.

பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தவில்லையே என்று கவலைப்படாதீர்கள். இப்போது அங்கே முத்திரை வழக்கமில்லை. எத்தனை நாள் தங்கலாம் என்ற அனுமதி மின்னஞ்சலுக்கு வரும். வருகைப் படிவத்தில் கொடுத்த அதே மின்னஞ்சல்தான், ஆகவே நிரப்பும்போதே சரியான முகவரியைக் கொடுத்திருக்க வேண்டும். வந்ததும் ஒவ்வொருவர் அனுமதியிலும் கடைசித் தேதியைப் பாருங்கள். விசா காலமும் தங்கும் காலமும் ஒன்றல்ல.

பெட்டிகளை எடுத்தபின் சுங்கத்தில் பச்சை, சிவப்பு என இரண்டு வழி. சொல்ல வேண்டிய பொருள் ஏதும் இருந்தால், அல்லது சந்தேகமிருந்தால் கூட, சிவப்பு வழியில் போய்க் கேளுங்கள். தானாகப் போய்ச் சொன்னவரை மரியாதையாகவே நடத்துவார்கள். பச்சை வழியில் பிடிபட்டால் அபராதம்.

வெளியே வந்ததும் சிம் கார்டு. வருகைக் கூடத்தில் இருக்கும் கவுண்டர்களில் பாஸ்போர்ட்டைக் காட்டிச் சுற்றுலாப் பயணிகளுக்கான சிம் வாங்கலாம். குடும்பத்துக்கு இரண்டு போதும், மற்றவர்கள் அதிலிருந்து இணையம் பகிர்ந்துகொள்ளலாம். ரொக்கமாக நூறு, நூற்றைம்பது சிங்கப்பூர் டாலர் கையில் இருந்தால் முதல் நாள் ஓடிவிடும், மற்றவற்றுக்கு அட்டை.

இங்கே பலர் தடுமாறும் இடம் ஒன்று. சாங்கி விமான நிலையத்தை ஒட்டிய ‘ஜுவல்’ வளாகத்தில் நாற்பது மீட்டர் உயரத்திலிருந்து கொட்டும் அருவியைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு போவார்கள். அதிகாலையில் அந்த அருவி ஓடாது, முற்பகல் பத்து, பதினொரு மணிக்குத்தான் தண்ணீர் விடுவார்கள். கடைகளில் பலவும் அப்போதுதான் திறக்கும். திரும்பும் நாளில் விமானத்துக்கு நான்கைந்து மணி நேரம் முன்னதாக வந்து அதை ஆற அமரப் பாருங்கள். முதல் நாள் காலையில் சாங்கியில் காலை உணவு மட்டும் போதும்.

ஊருக்குள் போவது: ரயிலா, டாக்சியா?

மூன்று பேருக்கு மேல், பெரிய பெட்டிகள், வயதானவர் ஒருவர் என்றால் யோசிக்காமல் டாக்சி. வருகைக் கூடத்துக்கு வெளியே வரிசை இருக்கும், மீட்டர்படி கட்டணம். விமான நிலையத்துக்கென ஒரு கூடுதல் தொகை சேரும். வார நாட்களின் காலை நெரிசலில் மீட்டரில் 25 விழுக்காடும், நள்ளிரவிலிருந்து காலை ஆறு மணி வரை 50 விழுக்காடும் கூடும். ஐந்தரை மணிக்கு வெளியே வந்துவிட்டால், ஒரு காப்பி குடித்து ஆறு மணி தாண்டி ஏறுங்கள். சாதாரண டாக்சியில் நான்கு பேர்தான். ஐந்தாறு பேர் என்றால் பெரிய வண்டிக்கு அங்கேயே கவுண்டர் உண்டு.

செயலியில் கார் அழைப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1.35 மீட்டருக்குக் குறைவான உயரமுள்ள பிள்ளைகளுக்குக் காரில் குழந்தை இருக்கை கட்டாயம். மீட்டர் டாக்சிக்கு இதில் விலக்கு உண்டு, செயலியில் வரும் தனியார் கார்களுக்கு இல்லை. சாதாரண காரை அழைத்துவிட்டு ஐந்து வயதுப் பிள்ளையோடு நின்றால் ஓட்டுநர் ஏற்றிக்கொள்ள மாட்டார், அவர் மேல் தவறும் இல்லை. செயலியிலேயே குழந்தை இருக்கையுள்ள வண்டி என்று தனியாகத் தேர்ந்தெடுங்கள், அல்லது டாக்சி வரிசைக்குப் போங்கள்.

பெட்டி குறைவு, பிள்ளைகள் பெரியவர்கள் என்றால் எம்ஆர்டி ரயில் நன்றாக இருக்கும், செலவும் மிகக் குறைவு. ரயில் நிலையம் இரண்டாம், மூன்றாம் முனையங்களுக்கு இடையே இருக்கிறது. நம்மவர் கடைகள் நிறைந்த லிட்டில் இந்தியாப் பக்கம் தங்குகிறவர்கள் அடுத்த நிலையமான எக்ஸ்போவில் இறங்கி நீலநிற டௌன்டவுன் தடத்துக்கு மாறினால், ஜாலான் புசாரில் இறங்கி நடந்துவிடலாம். அதே தடத்தில் லிட்டில் இந்தியா என்றே ஒரு நிலையம் இருந்தாலும் தடம் ஊரைச் சுற்றிவிட்டுத்தான் அங்கே போகிறது. எக்ஸ்போவிலிருந்து வருகிறவர்களுக்கு ஜாலான் புசார் வெகுமுன்னதாகவே வந்துவிடும்.

டிக்கெட்டுக்குத் தொட்டுக் கட்டும் வங்கி அட்டையே போதும். ஆனால் ஓர் அட்டையில் ஒருவர்தான் போக முடியும். நான்கு பேருக்கு ஒரே அட்டையை நான்கு தடவை தட்ட முடியாது. அட்டை இல்லாதவர்களுக்கு நிலையத்திலேயே பயண அட்டை வாங்குங்கள். உள்ளே போகும்போது தட்டிய அதே அட்டையை வெளியே வரும்போதும் தட்ட வேண்டும். 90 சென்டிமீட்டர் உயரத்துக்குள் இருக்கும் குழந்தைகளுக்குக் கட்டணமில்லை. ரயிலில் தின்னவோ குடிக்கவோ கூடாது, 500 டாலர் வரை அபராதம். பசிக்கிற பிள்ளைக்குப் பிஸ்கட்டை நடைமேடைக்குப் போகும் முன்பே கொடுத்துவிடுங்கள்.

ஓட்டலில் பெட்டியை விடுங்கள், உட்காராதீர்கள்

காலை ஒன்பது மணிக்கு ஓட்டலில் போய் நின்றால் அறை இருக்காது. ஆனால் பாஸ்போர்ட்டுகளைக் காட்டிப் பதிவை முடித்து, பெட்டிகளை ஒப்படைத்துச் சீட்டு வாங்கிக்கொள்ளலாம். ‘அறை காலியானதும் கைபேசியில் அழையுங்கள்’ என்று சொல்லி எண்ணைக் கொடுங்கள். முன்தினமே மின்னஞ்சலில் ‘சிறு குழந்தை இருக்கிறது, சீக்கிரம் அறை கிடைத்தால் நல்லது’ என்று எழுதியிருந்தால், சில சமயம் பதினொரு மணிக்கே கிடைத்துவிடும். கேட்பதில் நஷ்டமில்லை.

வரவேற்பறை நாற்காலியில் குடும்பத்தையே உட்காரவைத்துக் காத்திருப்பதுதான் எனக்குத் தெரிந்து மிக மோசமான யோசனை. பிள்ளைகள் தரையில் படுக்கத் தொடங்குவார்கள், பெரியவர்களுக்குக் கூச்சமாக இருக்கும். வெளியே நடங்கள்.

தேக்காவில் ஒரு முற்பகல்

லிட்டில் இந்தியாவில் தங்கினால் இந்த இடைவெளியை நிரப்புவது எளிது. அதனால்தான் முதல்முறை வருகிறவர்களுக்கு, குறிப்பாகச் சைவக் குடும்பங்களுக்கு, அந்தப் பகுதியைச் சொல்வேன். சிராங்கூன் சாலையில் ஸ்ரீ வீரமாகாளியம்மன் கோயில் இருக்கிறது. மதியம் நடை சாத்துவதற்குள் போனால் தரிசனமும் ஆகும், பாட்டிக்கு உட்கார நிழலும் கிடைக்கும்.

அங்கிருந்து நடை தூரத்தில் தேக்கா சந்தைக் கட்டடம். கீழ்த்தளத்தில் ஒரு பக்கம் காய்கறி, மீன், இறைச்சி விற்கும் ஈரச்சந்தை, மறுபக்கம் சிறு உணவுக் கடைகள் பல ஒரே கூரையின் கீழ் இருக்கும் உணவங்காடி நிலையம். முதல் சாப்பாட்டுக்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. பிரியாணி, பராட்டா, அப்பம், தோசை என்று தமிழிலேயே கேட்டு வாங்கலாம், விலையும் கட்டுப்படியாகும். குளிர்சாதன உணவகம்தான் வேண்டும் என்பவர்களுக்கு 1947 முதல் நடக்கும் கோமள விலாஸ் அதே சாலையில் இருக்கிறது.

உணவங்காடிக்குச் சில நடைமுறைகள் உண்டு. கடைகளில் ஆர்டர் கொடுத்துப் பணம் கட்டி, தட்டை நாமே எடுத்து வர வேண்டும். ஆகவே முதலில் மேசை பிடியுங்கள். காலி மேசையில் ஒரு கைத்தாள் (டிஷ்யூ) பாக்கெட்டோ குடையோ கிடந்தால் யாரோ மறந்துபோனது என்று நினைத்துத் தள்ளிவிடாதீர்கள். அந்த இடம் பிடிக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். ஒருவரைக் குழந்தைகளோடு உட்காரவைத்துவிட்டு மற்றவர் வரிசையில் நிற்பது வசதி. சாப்பிட்டபின் தட்டுகளை அதற்கான அடுக்கில் கொண்டுபோய் வைக்க வேண்டும். 2021 செப்டம்பர் முதல் இது சட்டப்படியே கட்டாயம். மேசையில் எலும்பையும் தாளையும் விட்டு எழுந்தால் முதலில் எச்சரிப்பார்கள், மறுபடியும் என்றால் அபராதம்.

தேநீர் வாங்குவதற்குத் தனிப் பாடம் வேண்டும். வெறும் ‘தே’ என்று கேட்டால் கெட்டியான இனிப்புப் பால் ஊற்றிய தேநீர் வரும். நீரிழிவுக்காரர் ஒருவர் அதை இரண்டு வாய் குடித்த பிறகுதான் தெரியும். ‘தே ஓ’ என்றால் பாலில்லை, சர்க்கரை உண்டு. ‘தே சி’ என்றால் இனிப்பில்லாத சுண்டிய பாலும் சர்க்கரையும். ‘கோசோங்’ என்று சேர்த்தால் சர்க்கரையே போடமாட்டார்கள். ஆக, அப்பாவுக்கு ‘தே சி கோசோங்’. காப்பிக்கு ‘தே’ இருக்கும் இடத்தில் ‘கோப்பி’ என்று மாற்றிக்கொள்ளுங்கள். சீனர் கடை, மலாய்க்காரர் கடை, தமிழர் கடை எங்கேயும் இது செல்லும்.

வேறு உணவகங்களுக்குப் போகும்போது விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருக்கிறதா என்று பாருங்கள். பத்து விழுக்காடு சேவைக் கட்டணமும், அதன் மேல் ஒன்பது விழுக்காடு பொருள் சேவை வரியும் சேரும் என்று அதற்கு அர்த்தம். உணவங்காடிக் கடைகளில் எழுதியிருக்கும் விலைதான் விலை.

உங்கள் முதல் நாள் ஞாயிற்றுக்கிழமையாக அமைந்தால் ஒரு யோசனை. அன்று வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு விடுமுறை. தமிழ்நாட்டிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வந்து உழைக்கிறவர்கள் நண்பர்களைப் பார்க்க, ஊருக்குப் பணம் அனுப்பப் பிற்பகலில் இங்கே கூடுவார்கள். நடைபாதைகளில் நெரிசல் இருக்கும். தள்ளுவண்டியில் குழந்தை இருந்தால் உங்கள் வேலைகளை மதியத்துக்குள் முடித்துக்கொள்ளுங்கள். பேச்சுக் கொடுத்தால் உங்கள் பக்கத்து ஊர்க்காரர் ஒருவராவது அகப்படுவார், எந்தச் செயலியும் சொல்லாத நல்ல வழியைச் சொல்வார்.

தூக்கம், ஆனால் அளவோடு

அறைக்குப் போனதும் குளித்துவிட்டு எல்லோரும் படுங்கள். நீங்களும் படுங்கள். பெட்டியைப் பிரித்து அடுக்குவதை இரவில் பார்த்துக்கொள்ளலாம். இரண்டு மணி நேரத்துக்கு அலாரம் வைத்து, ஐந்தரை மணிக்குள் எழுப்பிவிடுங்கள். பாவம் என்று ஏழு வரை விட்டால், பிள்ளை இரவு இரண்டு மணிக்கு விளையாடத் தொடங்கும், மறுநாளும் போச்சு.

அறையில் சில சிறு விஷயங்கள். மின்செருகி மூன்று தட்டைக் கால்கள் உள்ளது, நம்முடைய உருண்டைக் கால் செருகி நுழையாது. இரண்டு அடாப்டரும் ஊரிலிருந்து ஒரு நீட்டிப்புப் பெட்டியும் எடுத்துப் போனால் எல்லாக் கைபேசிகளும் ஏறிவிடும். மின்னழுத்தம் நம்முடையதுதான், அதனால் கருவிகளுக்குப் பயமில்லை. பெரும்பாலான அறைகளில் தண்ணீர் கொதிக்க வைக்கும் கெட்டில் இருக்கும், குழந்தைப் பாலுக்கு உதவும். கழிப்பறையில் தாள் மட்டும் இருந்து நீர்க்குழல் இல்லாமல் போகலாம். ஒரு சிறு பிளாஸ்டிக் குவளையைப் பெட்டியில் போட்டுக்கொண்டால் பெரியவர்கள் மனதுக்குள் வாழ்த்துவார்கள்.

மாலை: ஒரே ஓர் இடம்

லிட்டில் இந்தியா நிலையத்தில் நீலத் தடத்தில் ஏறினால் ரோச்சோர், பூகிஸ், புரோமனாட், அடுத்தது பேஃப்ரண்ட். வண்டி மாற வேண்டியதில்லை. அங்கே சுரங்கப்பாதை வழியாக வெளியேறி நடந்தால் ‘கார்டன்ஸ் பை த பே’ பூங்கா. வெளித்தோட்டத்துக்குக் கட்டணமில்லை. கண்ணாடிக் கூடங்களுக்கு மட்டும்தான் டிக்கெட், இன்று அவை வேண்டாம்.

25 முதல் 50 மீட்டர் வரை உயர்ந்து நிற்கும் செயற்கைப் பெருமரங்களின் அடியில் தினமும் இரவு 7.45-க்கும் 8.45-க்கும் கால் மணி நேரம் ஒளியும் இசையும். இலவசம். சிங்கப்பூர் நிலநடுக்கோட்டை ஒட்டியிருப்பதால் ஆண்டு முழுவதும் ஏழு மணியை ஒட்டியே சூரியன் மறைகிறது. முதல் காட்சிக்கே இருட்டிவிடும். ஏழே காலுக்குப் போய் இடம் பாருங்கள். அங்கே எல்லோரும் தரையிலேயே படுத்து அண்ணாந்து பார்ப்பார்கள். கைப்பையில் இருக்கும் துண்டை விரித்து நீங்களும் படுத்துக்கொள்ளுங்கள், கழுத்தும் வலிக்காது, நாள் முழுவதும் நடந்த கால்களும் நீளும். முதல் காட்சி முடிந்ததும் கிளம்பிவிடுங்கள். அப்படியே மெரினா பே சாண்ட்ஸ் முன்னால் நடக்கும் நீரூற்றுக் காட்சியையும் பிடித்துவிடலாம் என்று தோன்றும். வேண்டாம். பிள்ளைகள் சிரித்த முகத்தோடு இருக்கும்போதே திரும்புவது நல்லது.

மழை கொட்டினாலோ யாருக்காவது உடம்பு சரியில்லை என்றாலோ இந்தத் திட்டத்தைத் தயங்காமல் விட்டுவிடுங்கள். காட்சி நாளையும் நடக்கும்.

திரும்பும் வழியில் ஒரு கடையில் நாளைக் காலைக்குப் பால், ரொட்டி, வாழைப்பழம் வாங்கிக்கொள்ளுங்கள். மறுநாள் எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்திருக்க மாட்டார்கள். லிட்டில் இந்தியாவின் முஸ்தபா பேரங்காடி நள்ளிரவு தாண்டியும் திறந்திருக்கும், மறந்துபோன எதுவும் அங்கே கிடைக்கும். ஆனால் முதல் இரவில் ஒருவர் மட்டும் போய் வாருங்கள். உள்ளே நுழைந்த குடும்பம் இரண்டு மணி நேரத்துக்குள் வெளியே வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

படுக்கும் முன் மூன்று வேலைகள். ஓட்டல் முகவரிச் சீட்டு ஒன்றை ஒவ்வொரு பிள்ளையின் பையிலும், தாத்தா பாட்டி கையிலும் கொடுங்கள், பின்பக்கம் உங்கள் சிங்கப்பூர் எண்ணை எழுதி. அவசர எண்களைக் கைபேசியில் ஏற்றுங்கள்: போலீசுக்கு 999, ஆம்புலன்சுக்கும் தீயணைப்புக்கும் 995. பாஸ்போர்ட்டுகளை எண்ணிப் பார்த்து அறைப் பெட்டகத்தில் வைத்துவிட்டு, நாளைக்கு முன்பதிவு செய்த இடம் எத்தனை மணிக்குத் திறக்கிறது என்று பாருங்கள். காலை ஒன்பதரைக்கு முன் எதற்கும் கிளம்ப வேண்டாம். ஒன்பதரை என்றால் பிள்ளைகளின் உடம்புக்கு அது இன்னும் ஏழு மணிதான்.